துணைக்கோள் அறிவிக்கும் இடமும் தேசப்படம் காட்டும் வழியும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் செல்லும் தமிழ் மக்களுள், இரயிலில் இடம் கிடைக்காமையாலோ, கிடைத்தும் சாலையின்மேல் உள்ள ஆசையாலோ, மோட்டார் சைக்கிளிலேயே புறப்பட்டு விடுவோர் தொகை சிறிதன்று. பெங்களூரிலிருந்து சேலத்துக்கும், மைசூரிலிருந்து கோவைக்கும், புனேயிலிருந்து திருநெல்வேலி வரையிலுங்கூட இரண்டு சக்கரத்தின்மேல் செல்கின்றனர். அவர்களுடைய வண்டியின் கைப்பிடியில் உள்ளங்கையளவு கண்ணாடித் திரை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சிலரிடத்தில் அது கைத்தொலைபேசி. வேறு சிலரிடத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட வழிகாட்டும் கருவி. மழையில் நனைந்தாலும் கெடாது; கையுறை அணிந்த விரலுக்கும் இணங்கும்; நண்பகல் வெயிலிலும் எழுத்துத் தெரியும். கார்மின் நிறுவனத்தின் 'ஜூமோ' வகையும், டாம்டாம் நிறுவனத்தின் 'ரைடர்' வகையும் இத்துறையில் பெயர் பெற்றவை.

இக்கருவியைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வானத்தில் சுழலும் துணைக்கோள் நம்மையும் நமக்கு முன்னுள்ள சாலையையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பார்த்தபடியே வழி சொல்கிறது என்பதே அது. வானிலிருந்து பார்ப்பது பொய் சொல்லுமா என்ற நம்பிக்கையும் அதனோடு ஒட்டி வருகிறது. இந்த எண்ணம் பிழையானது. துணைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை; சாலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது செய்வதெல்லாம் ஒன்றுதான்: தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்பதை வானொலி அலைகளின் மூலம் ஓயாமல் அறிவித்துக்கொண்டேயிருக்கிறது.

அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் தரைக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் அலை நம்மை வந்தடைய ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. அலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கருவி ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடுகிறது. கடிகாரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் கணக்கு 300 மீட்டர் பிசகிப்போகும். ஆகவேதான் துணைக்கோளில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் கைக்கருவியில் அத்தகைய கடிகாரம் கிடையாது. எனவே இடத்தை அறிய மூன்று துணைக்கோள்களும், நேரத்தின் பிழையைத் திருத்த நான்காவது ஒன்றும் தேவைப்படுகின்றன. நம் நாட்டின் 'நாவிக்' அமைப்பும் இதே முறையில் இயங்குவது. அதன் முதல் துணைக்கோள் 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இக்கணக்கின் முடிவாக நமக்குக் கிடைப்பவை ஓர் அட்சரேகையும் ஒரு தீர்க்கரேகையுமே. திறந்த வெளியில் இவை சுமார் ஐந்து மீட்டருக்குள் சரியாக இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் மலைப் பள்ளங்களிலும் அலை சுவரில் மோதித் திரும்பி வருவதால் பிழை இன்னும் பெருகும். அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, 'இது இன்ன சாலை. இன்னும் அரை கிலோமீட்டரில் இடப்பக்கம் திரும்புக' என்று சொல்வது யார்? கருவிக்குள்ளேயே பதித்து வைக்கப்பட்டிருக்கும் தேசப்படம். அதை வரைந்தவர்கள் மனிதர்கள். அவர்கள் வரைந்த அன்று சாலை எப்படி இருந்ததோ, அப்படித்தான் அது காட்டும்.

தேசப்படம் வரையும் தொழிலுக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இந்திய நில அளவைத் துறை 1767-இல் தோன்றியது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய், இமயமலை வரையில் அளந்து முடித்தார்கள் அவருக்குப் பின் வந்தோர். அத்துறை வெளியிட்ட படங்களில் 1:50,000 என்ற அளவுத் திட்டம் பெயர் பெற்றது. படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர். காகிதப் படத்தில் எவ்வளவு விவரம் இருக்கும் என்பதை அந்த அளவுத் திட்டமே முடிவு செய்துவிடும். வாங்குவோர் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மின்னணுத் தேசப்படத்தில் நிலை வேறு. விவரத்தைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் ஒரு திருகு கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திருகு எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் திருகுவதால்தான் பற்பல குழப்பங்கள் விளைகின்றன.

கருவிக்குள் இருக்கும் படம் புகைப்படம் போன்றதன்று. அது புள்ளிகளின் பட்டியல். சாலை என்பது வரிசையாகக் கோக்கப்பட்ட புள்ளிகளின் மாலை. ஏரி என்பது சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும் புள்ளிகளின் வளையம். பெட்ரோல் நிலையம் ஒற்றைப் புள்ளி. கார்மின் கருவிகளின் படக் கோப்பில் பூமியின் சுற்றளவை 1,67,77,216 பங்குகளாக வகுத்திருக்கிறார்கள். பூமத்திய ரேகையில் ஒரு பங்கு 2.4 மீட்டர் ஆகிறது. அதனினும் நுட்பமாக எந்தப் புள்ளியையும் அப்பங்கீட்டில் குறிக்க முடியாது. இரண்டு சக்கர வண்டிக்கு இது போதுமான நுட்பமே.

இனி, ஒரே நாட்டைப் பல நிலைகளில் வரைந்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். மேல் நிலையில் தேசிய நெடுஞ்சாலைகளும் பெருநகரங்களும் மட்டும். அடுத்த நிலையில் மாநிலச் சாலைகள். கடைசி நிலையில் சந்து பொந்துகள், கோயில், குளம், தேநீர்க் கடை. நாம் படத்தைப் பெரிதாக்கும்போது கருவி கீழ் நிலைக்கு இறங்குகிறது. சிறிதாக்கும்போது மேல் நிலைக்கு ஏறுகிறது. 'விவரம் அதிகம்' என்று அமைத்தால், சற்று முன்கூட்டியே கீழ் நிலைக்கு இறங்கிவிடும். 'குறைவு' என்று அமைத்தால், மெல்ல இறங்கும்.

மேல் நிலைக்குரிய படத்தை ஆக்கும்போது சாலையின் புள்ளிகளையும் குறைத்துவிடுகிறார்கள். இதற்குப் பெரிதும் வழங்கும் கணக்கு முறை ஒன்றை 1973-இல் டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவர் வெளியிட்டனர். வளைந்த கோட்டின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்க வேண்டும். அந்த நேர்கோட்டிலிருந்து மிகவும் விலகி நிற்கும் புள்ளி எதுவென்று பார்க்க வேண்டும். அந்த விலகல் நாம் வகுத்த எல்லைக்கு உட்பட்டதாயின், இடையிலுள்ள புள்ளிகளையெல்லாம் தள்ளிவிட்டு நேர்கோட்டையே சாலையாகக் கொள்ளலாம். மிஞ்சுமாயின், அந்தப் புள்ளியில் கோட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். எளிய முறை, அழகிய முறையுங்கூட. ஆனால் மலைச் சாலைக்கு வந்தால் என்ன ஆகிறது? மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சத்தியமங்கலத்திலிருந்து ஏறும் திம்பம் சாலையில் 27. விலகல் எல்லையைப் பெரிதாக வைத்துச் சுருக்கினால், அந்த வளைவுகள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டு மூன்று மழுங்கிய நெளிவுகளாய் நின்றுவிடும். திரையில் பார்ப்பவர், 'பாதை நேராகத்தானே போகிறது' என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமல் போகக்கூடும். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

அப்படியானால் எப்போதும் விவரத்தை உச்சத்திலேயே வைத்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு இரண்டு தடைகள். விவரம் கூடக் கூடக் கருவி படத்தை வரைய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. திருப்பத்துக்கு வந்த பிறகு திருப்பம் திரையில் தோன்றினால் யாருக்குப் பயன்? மற்றொரு தடை நம் கண்ணைச் சார்ந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. திரையில் நெருங்கிக் கிடக்கும் பெயர்களின் நடுவே நம் கோட்டைத் தேடி இரண்டு விநாடி கண்ணைச் செலுத்தினால், 33 மீட்டர் தூரம் சாலையைப் பாராமல் சென்றோம் என்று பொருள். காரில் செல்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்து படம் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்திருப்பவருக்குத் திரை தெரியாது. ஆகவே சமவெளி நெடுஞ்சாலையில் விவரம் குறைவாகவும், நகரத்திலும் மலையிலும் கூடுதலாகவும் வைப்பதே தக்கது என்பது நம் கருத்து. வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுவதே முறை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். திரையில் விவரத்தைக் குறைத்தால் கருவி சிறு சாலைகளை மறந்துவிடுமோ? மறக்காது. கண்ணுக்குத் தெரியும் விவரம் வேறு. வழியைக் கணக்கிட உதவும் விவரம் வேறு. திரையில் வரையாத சந்தும் கணக்கில் இருக்கும். ஆனால் கருவியோடு வரும் அடிப்படைப் படம் மட்டுமே உள்ளே இருந்து, அந்த வட்டாரத்துக்குரிய விரிவான படம் ஏற்றப்படாமல் இருந்தால், எந்தத் திருகைத் திருப்பினாலும் பயன் இல்லை. அப்போது நாம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்போம். திரையிலுள்ள அம்போ வயற்காட்டில் போய்க்கொண்டிருக்கும். பலர் துணைக்கோள் தவறு செய்கிறது என்று குறை கூறுவது இவ்விடத்தில்தான். துணைக்கோள் சரியாகத்தான் சொல்கிறது. சுருக்கி வரைந்த அடிப்படைப் படத்தின் கோடுதான் சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளிக் கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத விவரம் என்று சொன்னோம். மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு உண்மையில் முக்கியமானது அதுவே. ஒவ்வொரு சாலைக் கோட்டோடும் சில குறிப்புகள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும்: ஒருவழிச் சாலையா, மண் சாலையா, வேக வரம்பு என்ன, எந்த எந்த வண்டிக்கு அனுமதி உண்டு என்பன. நம் நாட்டில் இரு சக்கர வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்ட பெருஞ்சாலைகள் பெருகி வருகின்றன. மும்பை–புனே விரைவுச் சாலையில் அவை செல்லக்கூடாது. பழைய சாலை வழியாகத்தான் செல்ல வேண்டும். மும்பையில் பாந்திரா–வோர்லி கடற்பாலத்திலும், 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேதுவிலும் அனுமதி இல்லை. காருக்கென்று தயாரித்த படத்தை வைத்துக்கொண்டு வந்தால், கருவி நம்மை நேரே இந்தச் சாலைகளின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கைத்தொலைபேசிப் படங்களில் இரு சக்கர வண்டிக்கென்று தனி வழிக் கணக்கு கூகுள் நிறுவனத்தால் முதன்முதல் நம் நாட்டில்தான், 2017 டிசம்பரில், அறிமுகம் செய்யப்பட்டது.

பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையின் நிலைமை இன்னும் நுட்பமானது. 2023 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கி அதன் நடுச்சாலையில் இரு சக்கர வண்டிகளுக்குத் தடை. பக்கச் சாலையில்தான் செல்ல வேண்டும். நடுச்சாலையும் பக்கச் சாலையும் அருகருகே ஓடுகின்றன. துணைக்கோள் கணக்கின் பிழையோ ஐந்து மீட்டர். நாம் எந்தச் சாலையில் இருக்கிறோம் என்பதைக் கருவி ஐயமறக் கூற இயலாது; எது பொருத்தமோ அதைத் தேர்ந்துகொள்கிறது. நாம் செல்வது இரு சக்கர வண்டி என்று அதற்கு அறிவித்திருந்தால், தேர்வு பெரும்பாலும் சரியாக அமையும். அறிவிக்காவிடின், நாம் நடுச்சாலையில் செல்வதாகவே எண்ணிக்கொண்டு, நமக்கு எதிரே இல்லாத திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு வரும். மேம்பாலத்தின் மேலும் கீழும் சாலை இருக்குமிடத்தில் நேரும் குழப்பமும் இத்தகையதே. சென்னையிலும் பெங்களூரிலும் இதை அனுபவிக்காதவர் அரியர்.

நேரத்தைப் பொறுத்த தடையும் உண்டு. குண்டுலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகைக்கும், வயநாட்டுக்கும் செல்லும் இரு தேசிய நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. காட்டு விலங்குகளைக் காப்பதற்காக 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. மைசூரில் மாலை அலுவல் முடித்துவிட்டு, 'இரவுக்குள் ஊர் போய்விடலாம்' என்று கருவி காட்டும் நேரத்தை நம்பிப் புறப்படுபவர், காட்டின் வாயிலில் மூடிய கதவைக் கண்டு நிற்க நேரிடும். படத்தில் அந்தத் தடை பதிவாகியிருந்தால் கருவி வேறு வழி காட்டும். பதிவாகாவிட்டால் காட்டாது. புறப்படுமுன் நாமே விசாரித்துக்கொள்வதுதான் இப்போதைக்கு உறுதியான ஏற்பாடு.

படத்தின் வயது மற்றொரு பெரிய விஷயம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உத்தரப் பிரதேசத்தில், பரேலி, பதாயூன் மாவட்டங்களுக்கு இடையே ராமகங்கை ஆற்றின் மேல் இருந்த ஒரு பாலத்திலிருந்து கார் ஒன்று கீழே விழுந்து மூவர் இறந்தனர். அந்தப் பாலத்தின் முன்பகுதி முன்னரே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. அந்த மாறுதல் வழிகாட்டும் படத்தில் ஏறவில்லை என்று காவல் துறையினர் தெரிவித்தனர். படத்தில் பாலம் முழுமையாக இருந்தது, ஆற்றின்மேல் இல்லை. பாலத்தின் வாயில் அடைக்கப்படாமல் விட்டதும், எச்சரிக்கைப் பலகை இல்லாததும் பெருங்குற்றமே. படம் மட்டும் குற்றவாளியன்று. ஆயினும், திரையில் தெரியும் கோடு இன்றைய சாலையின் உருவமன்று, அதைக் கடைசியாகப் பதிந்தவர் கண்ட சாலையின் உருவம் என்பதை இந்நிகழ்ச்சியைக் காட்டிலும் கொடுமையாக வேறொன்று உணர்த்திவிட முடியாது. இரவில், பழக்கமில்லாத மாவட்டத்தில், எதிரே வண்டிகள் வராத சாலையில் கருவி நம்மை அழைத்துச் சென்றால், அந்த வெறுமையே ஓர் எச்சரிக்கை. எதிரிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லையே, ஏன் என்று நின்று கேட்க வேண்டும்.

வயது முதிர்ந்த படத்தால் நேரும் சிறு தொல்லைகளும் பல. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் யாவும் மாற்றப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை எண்; கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண். கன்னியாகுமரிக்குச் செல்லும் பழைய 7-ஆம் எண் சாலை இன்று 44-ஆம் எண் சாலையின் பகுதி. பழைய படமும் புதிய பலகையும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பலகையை நம்புக.

இவ்வளவு விரிந்த நாட்டுக்குப் படம் வரைவோர் யார்? 'மேப்மைஇந்தியா' 1995-லிருந்து இத்தொழிலில் ஈடுபட்டிருக்கும் நம் நாட்டு நிறுவனம். நுட்பமான படம் வரைவதற்கு முன்பு இருந்த அனுமதிக் கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் இந்திய நிறுவனங்களுக்குத் தளர்த்தியது. ஒரு மீட்டருக்கும் நுட்பமான விவரங்களை அவை மட்டுமே சேகரிக்கலாம் என்றும் அப்போது விதிக்கப்பட்டது. இவையன்றி, 2004-இல் இங்கிலாந்தில் தோன்றிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற பொதுப் படம் ஒன்று உண்டு. தொண்டர்கள் தாமே வரைவது, கட்டணம் இல்லை. கார்மின் கருவியில் ஏற்றத்தக்க வடிவில் அதை மாற்றித் தருவோரும் உளர். தொண்டர் மிகுந்த ஊரில் சந்து, கிணறு வரை இருக்கும்; தொண்டர் இல்லாத தாலுக்காவில் நெடுஞ்சாலை மட்டுமே கிடக்கும். விலை கொடுத்து வாங்கும் படத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. நகரத்துக்குக் கிடைக்கும் கவனம் சிற்றூருக்குக் கிடைப்பதில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. கருவியில் ஊர்ப் பெயரைத் தேடுவது ஆங்கில எழுத்தில். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் வகை ஆளுக்கு ஒன்று. தமிழ்நாட்டு அரசு 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப் பெயர்களுக்குப் புதிய ஆங்கில எழுத்தமைப்பை அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டதை நேயர்கள் நினைவில் வைத்திருக்கலாம். போதாக்குறைக்குப் புதூர், புதுப்பட்டி, நல்லூர் என்பன மாவட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் உண்டு. பெயரை மட்டும் கொடுத்தால் கருவி தனக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும். தாலுக்காவின் பெயரையும், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. அதனினும் உறுதியானது, ஊரிலுள்ளோர் ஒருவரை வீட்டு வாயிலில் நின்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து அனுப்பச் செய்வது. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டருக்குள் இடம் அகப்பட்டுவிடும். ஓர் எச்சரிக்கை: 12 பாகை 30 நிமிடம் என்பது 12.5 ஆகும், 12.30 அன்று. இந்த ஒரு மயக்கத்தால் 22 கிலோமீட்டர் வேறுபாடு விழுந்துவிடும்.

கைத்தொலைபேசியே போதாதா, தனிக் கருவி எதற்கு என்பதைப் பற்றியும் ஓரிரு சொற்கள். துணைக்கோளின் அலையைப் பெறத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை. தேசப்படத்தை வரவழைக்கத்தான் அது தேவை. காட்டுச் சாலையில் கோபுரம் கிட்டாதபோது, படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்ட தொலைபேசி தனிக் கருவியைப் போலவே வேலை செய்யும். இறக்கி வைக்காத தொலைபேசியில் வெற்றுத் திரையில் ஓர் அம்பு மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். வலிய எஞ்சினின் அதிர்வு தொலைபேசியின் புகைப்படப் பொறியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் பிடி ஒன்று வாங்கிக்கொள்வது செலவில் சிறியது. வண்டி ஓட்டும்போது வழி அறிவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், இக்கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதிகள் 2020 அக்டோபர் முதல் அனுமதிக்கின்றன. தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் குரல் வழியைச் சொல்லுமானால், கண்ணுக்கு வேலை இன்னும் குறையும்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை செய்யவேண்டியவை சில உண்டு. விரிவான படம் வழி நெடுக ஏற்றப்பட்டிருக்கிறதா, அது எந்த ஆண்டுப் படம், வண்டியின் வகை மோட்டார் சைக்கிள் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, மண் சாலையைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பு வழி முழுவதையும் திரையில் ஒருமுறை விரலால் நகர்த்திக்கொண்டே சென்று, ஆறு குறுக்கிடும் இடங்களையும், காடு தொடங்கும் இடங்களையும், நெடுஞ்சாலையை விட்டு விலகும் இடங்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம். அந்தக் காகிதத்தைப் பெட்ரோல் தொட்டியின் மேலுள்ள பையில் வைத்தால், திரை அணைந்த பிறகும் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லித் தேநீர்க் கடையில் வழி கேட்கலாம்.